ஊர் எது என்று கேட்டேன்

அட்டனில் நடந்த பயிற்சி வகுப்புக்கு நான் ஏழு சனிக்கிழமைகள் போனேன். வகுப்பு நடந்தது எட்டு சனிக்கிழமை. ஒரு வாரம் வட்டவளைக்கு மேலே பாதையில் மண் சரிந்து ரயில் ஓடவில்லை. அன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று பிறகு இரண்டு பேரிடம் கேட்டேன். இருவரும் வேறு வேறு விதமாகச் சொன்னார்கள். நான் கோட்டை விட்டது அந்த நாளின் பாடமாக இருக்குமோ என்று இந்த வயதிலும் சில வேளை நினைப்பு ஓடும். இல்லை. எனக்கு வேண்டியதை மூன்றாம் சனிக்கிழமையே சொல்லிவிட்டார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் வாக்கும் பிரஜாவுரிமையும் போய், மறுபடி கேட்டு மனுப் போட்டு, பதிலுக்குக் காத்திருந்த காலம். வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியர். ஒரே மண்டபம், அரைச்சுவர், தகரக் கூரை, ஐந்து வகுப்பு, பெயர்ப் பதிவு இடாப்பில் எண்பத்து நாலு பிள்ளைகள். தலைமை ஆசிரியர் ஒருவர், நான் ஒருவன். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் பாடம் நடக்காது. அங்கே மழை பெய்யாத நாளை எண்ணுவதுதான் சுலபம்.

வகுப்பில் நாங்கள் பதினொரு பேர். ஆசிரியர்கள் ஒன்பது பேர், ஒரு மருத்துவிச்சி, தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பராவின் ஆயாம்மா ஒருவர். பிள்ளைகளின் பெற்றோரோடு சேர்ந்து வேலை செய்வது எப்படி என்று எங்களுக்குக் கற்றுத் தர வந்தவர், ஓய்வு பெற்ற ஒரு யாழ்ப்பாணத்து டீச்சரம்மா. முதல் நாள் எங்களுக்கு உள்ளூரச் சிரிப்பு. பெற்றோர் என்பவர்கள் எங்களுக்கு அரைச்சுவருக்கு வெளியே நிற்பவர்கள். பிள்ளை வராவிட்டால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவோம். கூடையை முதுகில் போட்டபடி மழையில் நின்று, "இனிமே அனுப்புறேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நாலு வருட வேலையில் நான் எத்தனை பெற்றோரோடு பேசியிருப்பேன் என்று அன்று வகுப்பில் இருந்தே எண்ணிப் பார்த்தேன். முப்பது தடவை வரும். அதில் குறை சொல்லாமல் பேசியது இரண்டு.

மூன்றாம் சனிக்கிழமை டீச்சரம்மா எங்களை இரண்டு இரண்டு பேராக உட்கார்த்தி, ஒருவர் தாயாகவும் ஒருவர் ஆசிரியராகவும் பேசிப் பழகச் சொன்னார். எனக்குத் தாயாக வாய்த்தவர் மருத்துவிச்சி. நான் நாலு கேள்வி கேட்பதற்குள் அவர் கையைத் தூக்கிவிட்டார்.

"டீச்சரம்மா, இவரு பேச வரலீங்க. பொலிசுல இருந்து வந்திருக்காரு. நா எந்தக் களவுக்கு ஒத்துக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரம்மாவும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, பிள்ளையைப் பற்றித் தாய்க்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாது. அதைக் கேட்டு அறியிறதுதான் உங்கட வேலை. நீங்கள் கணக்கெடுக்கப் போகேல்லை" என்றார்.

அதே நாள்தான் அந்த விதியையும் சொன்னார். அதை எழுதிய கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. "வீட்டை விட்டு வெளிக்கிட முன்னம், எழுதினதை அவைக்கு வாசிச்சுக் காட்டுங்கோ. அவை சரி எண்டு சொன்னாப் பிறகுதான் அது உண்மையான கடுதாசி."

"நாங்க வாசிக்க ஆரம்பிச்சா அவங்க தூங்கிருவாங்களேம்மா, பெரட்டுல பேர் குடுக்க விடியமுந்தி எந்திரிச்ச சனங்க" என்றார் ஆயாம்மா.

"தூங்கினா எழுப்பி வாசியுங்கோ."

ஆளுக்கு ஆறு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள். தாளில் ஐந்து கட்டம். முதலாவது பெற்றோர் பெயர். இரண்டாவது ஊர். மூன்றாவது வேலை. நாலாவது வீட்டில் உள்ளவர்கள். ஐந்தாவது கட்டம்தான் பெரியது, அரைப் பக்கம்: பிள்ளையால் என்னென்ன முடியும் என்று பெற்றோர் சொல்வது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். விறகு பொறுக்கவும் துணி துவைக்கவும் உள்ள ஒரே நாள் அது. அதனால் அவர்கள் வேலை விட்டு வரும் மாலையில் நான் போனேன்.

ஆறில் ஐந்து வீட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதாகப் போன வீடு, கீழ் லயம் என்ற வரிசை வீடுகளில் ஏழாவது காம்பரா. புருஷன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், மனைவி கொழுந்து எடுக்கிறவர். அவர்களுடைய எட்டு வயதுப் பெண் முதல் வகுப்பில் இரண்டாவது வருடமாக உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வாய் திறக்கமாட்டாள். மந்தம் என்று இடாப்பில் அவள் பெயருக்கு நேரே எழுதியிருந்தோம். எழுதியது தலைமை ஆசிரியர். நான் மறுக்கவில்லை.

என்னை வாசலில் கண்டதும் புருஷன் பதறி எழுந்தார். "என்னங்கய்யா, புள்ள எதையும் ஒடைச்சுட்டாளா?"

"ஒண்ணுமில்ல. சும்மா பேசிட்டுப் போக வந்தேன்."

பக்கத்துக் காம்பரா அம்மா ஒருவர் வெளியே தலையை நீட்டி, "வாத்தியாரு சும்மா வர்றதாவது! சாயத்தண்ணி ஊத்திக் குடுத்துருங்கடி, இல்லேன்னா பேர வெட்டிப்புடுவாரு" என்றார். லயம் முழுவதும் சிரித்தது. நானும் சிரிக்க முயன்றேன். தோட்டத்தில் பேர் வெட்டுவது என்பது வேலையிலிருந்து நீக்குவது. அது முழுச் சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெட்டி ஒன்றைத் துடைத்து உட்காரச் சொன்னார்கள். தாளை மடியில் வைத்துக்கொண்டு பெயர்களை எழுதினேன். அடுத்த கட்டத்துக்கு வந்தேன்.

"உங்களுக்கு ஊர் எது?"

"முசிறிப் பக்கம்ங்க" என்றார் மனைவி, யோசிக்காமல். கிராமத்தின் பெயரையும் சொன்னார். "ஆத்தோரத்துலங்க. வாழத் தோட்டமா இருக்கும்."

"அப்படியா? எனக்குத் துறையூர்ப் பக்கம்!"

"அட, அப்ப நம்மூருக்காரரு!" என்றார் புருஷன். முகம் மலர்ந்துவிட்டது. "ஏம்மா, கேட்டியா? வாத்தியாரய்யா நம்ம பக்கம்தானாம். ஒரு நட நடந்தா வந்துரும்."

எங்கள் மூன்று பேரில் ஒருவரும் முசிறியையோ துறையூரையோ கண்ணால் கண்டதில்லை. அந்த அம்மா இந்த மலையில் பிறந்தவர். புருஷன் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். நான் பிறந்தது தலவாக்கலையில். எங்களிடம் ஊர் எது என்று கேட்டால் நாங்கள் சொல்லும் பதில் அது ஒன்றுதான். பாட்டன் கிளம்பி வந்த இடத்தைச் சொல்வோம். பிறந்த இடத்துக்குத் தோட்டம் என்று பெயர், ஊர் என்று பெயரில்லை. டீச்சரம்மாவின் ஆட்களுக்கு ஊர் என்றால் பிறந்து வளர்ந்து வீடு வாசலோடு இருக்கும் இடம். அந்த அர்த்தத்தில்தான் அவர் அந்தச் சொல்லைத் தாளில் அச்சடித்தார். இரண்டு அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டியவன் நான். மூன்று எழுத்தில் முசிறி என்று எழுதி, பக்கத்தில் அந்தக் கிராமத்தின் பெயரையும் தெளிவாக எழுதினேன்.

அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் பேசிய விதமே வேறு. தேத்தண்ணி வந்தது, சீனி தனியாக ஒரு கரண்டியில் வந்தது. ஐந்தாவது கட்டத்துக்கு வந்து, பிள்ளையால் என்ன முடியும் என்று கேட்டேன். அந்த அம்மா விளக்கைத் தூண்டிவிட்டுச் சொன்னார்.

"அவ மந்தம் இல்லீங்க. ரெண்டு வயசுல காச்ச வந்து காது போயிருச்சு. ஒங்ககிட்ட யாரு சொல்றது, யாரும் கேக்கலியே."

சொல்லிவிட்டு எழுந்து, மூலையில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மகளுக்குப் பின்னால் நின்று, தரைப் பலகையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அவள் உடனே திரும்பினாள். விளக்கைத் தன் முகத்துக்கு நேரே பிடித்து, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார். பிள்ளை போய் அடுப்பங்கரையிலிருந்து ஐந்து உருளைக்கிழங்கு எடுத்து வந்தாள். மறுபடி வாயசைத்தார். இரண்டைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள்.

"மொகத்துல வெளிச்சம் படணும். மீச வாய மறைக்கக்கூடாது. ஒரு நேரத்துல ஒரு வார்த்த. கோவமா பேசுனா ஒண்ணும் புரியாது அவளுக்கு."

அரைப் பக்கமும் நிறைந்து, ஓரத்திலும் எழுதினேன். பதினேழு விஷயம் சொன்னார். அப்போது மழை பிடித்துக்கொண்டது, நேரமும் ஆகிவிட்டது. வாசித்துக் காட்டவில்லை. நம்மூர்க்காரர்களிடம் எதற்கு வாசிப்பு என்று தோன்றியிருக்க வேண்டும். தாளைச் சட்டைக்குள் வைத்து நனையாமல் கொண்டுபோனேன்.

மறுநாள் அந்தப் பிள்ளையை ஜன்னல் பக்கம், எனக்கு நேரே உட்கார்த்தினேன். மீசையை எடுத்துவிட்டேன், தலைமை ஆசிரியர் காரணம் கேட்டு நாலு நாள் சிரித்தார். தரையில் காலால் தட்டிக் கூப்பிட்டேன். மூன்று மாதத்தில் நூறு வரை எழுதினாள். ஆறாம் மாதம் கூட்டலும் கழித்தலும் போட்டாள். தாய் வாரம் ஒரு தடவை, வேலை விட்ட கையோடு, கூடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்காருவார். "இந்த வாரம் எந்த எழுத்து சொல்லிக் குடுத்தீங்க, காட்டுங்க" என்பார். அவருக்கு எழுத்துத் தெரியாது. வாயசைவைத் தெரிந்துகொண்டு போய் வீட்டில் காட்டுவார். "ந"வையும் "த"வையும் பிள்ளை ஏன் மாற்றிப் போடுகிறாள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். இரண்டுக்கும் நாக்கு ஒரே இடத்தில் நிற்கிறது. இடாப்பில் இருந்த மந்தம் என்ற சொல்லை நானே அடித்தேன். என் உத்தியோகத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒன்று அது என்று இப்போதும் சொல்வேன். அதில் பாதிக்கு மேல் அந்த அம்மா செய்தது.

அடுத்த வருடம் அவர்களுக்குக் கடிதம் வந்தது. பிரஜாவுரிமை மனு சம்பந்தமாக, இந்த நாட்டில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் என்பதற்கு அத்தாட்சி போதவில்லை, நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரவும் என்று இருந்தது. புருஷன் அதை என்னிடம் கொண்டுவந்தார். அவருக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பிறந்த தோட்டத்துப் பழைய புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. அம்மாவுக்கும் இல்லை.

"தள்ளிட்டாங்கன்னா என்னங்கய்யா ஆகும்?"

"தள்ளமாட்டாங்க."

"தள்ளிட்டா?"

"ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாம நிக்கணும். அனுப்புனா போகணும்."

"இந்தப் புள்ளய வச்சுக்கிட்டு நா எங்கங்க போவேன்?" என்றார் மனைவி. "இங்கதான் நாலு எழுத்து புடிபட்டிருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, வாத்தியாரய்யா."

நான் கடுதாசிகளைச் சேர்த்தேன். தோட்டத்து வேலையாட்கள் பதிவான செக்ரோல் பிரதி, கல்யாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட இடாப்புப் பிரதி, இப்படி ஒன்பது. பத்தாவதாக, வீட்டுக்குப் போய் எழுதிய அந்தத் தாளையும் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. பிள்ளை இங்கே வேரூன்றிப் படிக்கிறாள், பெற்றோர் எவ்வளவு அக்கறையாக இருக்கிறார்கள் என்று அதைவிட நன்றாகச் சொல்லும் கடுதாசி வேறு இல்லை என்று நினைத்தேன். ஒன்பதைவிடப் பத்து பலமென்றும் நினைத்தேன். ஐந்தாவது கட்டத்தை மட்டும் படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு உறையில் போட்டேன்.

நானுஓயா வரை ரயில், அங்கிருந்து பஸ். பனி இறங்கியிருந்தது. விசாரித்த அதிகாரி சிங்களவர், மரியாதையான மனிதர். பிள்ளையை உட்காரச் சொன்னார். பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழர் ஒருவர். அதிகாரி ஒவ்வொரு கடுதாசியாகத் திருப்பினார். பத்தாவதில் நின்றார். அதை மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டினார். அவர் வாசித்துச் சொன்னதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். சொந்த இடம் இந்தியாவில் என்றுதான் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை. தாளில் இருப்பதை அப்படித்தான் சொல்ல முடியும்.

அதிகாரி சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் அந்த அம்மாவிடம் கேட்டார். "ஒங்களுக்கு ஊர் எது?"

அந்த அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். பழகிய கேள்வி என்ற தைரியத்தில் பளிச்சென்று சொன்னார். "முசிறிப் பக்கம்ங்க."

"அங்க யாரு இருக்காங்க?"

"சித்தப்பா வகையறா இருப்பாங்கன்னு எங்கப்பா சொல்லுவாருங்க."

நான் எழுந்தேன். அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கள் ஆசிரியர். இடாப்பைக் கவனமாக எழுதுவீர்கள் இல்லையா?" என்றார்.

"ஆம்."

"இதையும் கவனமாகத்தான் எழுதினீர்களா?"

"ஆம்."

வேறு என்ன சொல்வது? தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும், என்னைக் கேட்டாலும் நான் துறையூர் என்றுதான் சொல்வேன், ஆனால் நான் இங்கே பிறந்தவன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆங்கிலத்தில் வார்த்தை கூடி வரவில்லை. தமிழில் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து, கடுதாசியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஒங்க மனு முடிஞ்சிருச்சா, வாத்தியார்?"

"இல்ல."

"அப்ப ஒக்காருங்க. இத நா சொன்னா ஒங்க பேருக்கும் இந்தியான்னு எழுதிருவாங்க."

நான் உட்கார்ந்தேன்.

இதை நான் டீச்சரம்மாவிடம் சொல்லவில்லை. தாளில் ஊர் என்று போட்டதால் வந்த விபரீதத்தை மட்டும் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். அடுத்த முறை அச்சிட்டபோது அந்தக் கட்டமே இல்லை. புதிதாக வந்தவர்களிடம் என்னைப் பேசச் சொன்னார்; பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எழுதியதை வாசித்துக் காட்டவேண்டும் என்பதற்கு உதாரணமாக இந்தக் கதையைச் சொன்னேன். ஒரு இளம் ஆசிரியை எழுந்து, "நீங்க வாசிச்சுக் காட்டியிருந்தாலும் அந்தம்மா சரின்னுதானே சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டார். உண்மை. முசிறி என்று வாசித்திருந்தால் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார்கள். இந்தக் கடுதாசி எங்கே போகும், யார் கையில் இருக்கும் என்று சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவர்களே யோசித்திருப்பார்கள். அதை அந்த ஆசிரியையிடம் சொல்லத் தோன்றவில்லை. நான் உட்கார்ந்ததையும் சொல்லவில்லை.

விசாரணை நடந்து நாலு மாதம் கழித்து அவர்களுடைய மனு தள்ளப்பட்டதாகக் கடிதம் வந்தது. காரணங்கள் மூன்று போட்டிருந்தார்கள். அந்தத் தாள் இரண்டாவது. அது இல்லாமலே தள்ளியிருக்கலாம் என்று தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் சொன்னார். அப்படித் தள்ளப்பட்ட மனுக்கள் ஏராளம். அதை எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மேல் நீதிமன்றத்துக்குப் போக அவர்களுக்கு வழியில்லை.

என் மனு அடுத்த வருடம் ஏற்கப்பட்டது.

பிள்ளையை அவர்கள் நிறுத்தவில்லை. தாய் வாரத்துக்கு ஒரு தடவை வருவதையும் நிறுத்தவில்லை. ஆனால் உள்ளே வருவதில்லை. கூடையோடு அரைச்சுவருக்கு வெளியே நின்றார். வந்து உட்காருங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "இருக்கட்டும்ங்க" என்பார். அன்று அந்த அறையில் மொழிபெயர்ப்பாளர் எனக்குச் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. மூன்று முழத் தூரத்தில் நின்றிருந்தார்.

என் கடிதம் வந்த வாரம் அவரே பேச்சைத் தொடங்கினார். "ஒங்களுக்கு வந்துருச்சாமே, வாத்தியாரய்யா. நல்லதுங்க." குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நாட்களில் பிள்ளை மறுபடி கரும்பலகையைப் பார்ப்பதை விட்டிருந்தாள். தரையைத் தட்டினால் திரும்புவாள், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டு வாரமாக ஒரு கணக்கும் போடவில்லை. காரணம் எனக்கு விளங்கவில்லை. அதனால் தாயிடம் கேட்டேன். வீட்டில் ஏதாவது பேசிக்கொண்டதைப் பார்த்தாளா, கண்ணில் கோளாறா, சரியாகச் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தப் பிள்ளையின் ஒரு கண்ணசைவுக்கும் அர்த்தம் தெரிந்தவர் அவர்.

"தெரியாதுங்க" என்றார்.

"வீட்டுல எப்படி இருக்கா?"

"தெரியாதுங்க, வாத்தியாரய்யா."

ஏழு கேள்வி கேட்டேன். ஏழுக்கும் அதுதான் பதில். என் கையில் பென்சில் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு எட்டாவதாக ஒன்று கேட்கப் போனேன். அவர் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு, மகளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கீழ் லயத்துப் பாதையில் இறங்கிவிட்டார்.